மீன்குடலுக்குள் ராட்சத பாக்டீரியா: மதுரையிலிருந்து தேடத் தொடங்குவது எப்படி?

கடைக்குப் போய் டீ வாங்கிவரும் பிளாஸ்க் ஒன்று வீட்டில் பழசாகக் கிடந்தால் எடுத்து வையுங்கள். இனிமேல் அதில் யாரும் டீ ஊற்றக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் தயாராக வேண்டிய சாமான் அதுதான். காரணம் கொஞ்சம் தள்ளி வரும்.

எதைத் தேடப் போகிறோம்?

செங்கடலில் பாசி மேய்ந்து வாழும் சர்ஜன் மீன்களின் குடலுக்குள் ஒரு விசித்திர உயிர் இருப்பதை லெவ் ஃபிஷெல்சன் என்ற விலங்கியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1985-இல் வெளியிட்டார்கள். சுருட்டு வடிவம், ஒரே செல். பெரிய செல்கள் 0.6 மில்லிமீட்டர் வரை நீளம், அதாவது கசகசா மணியில் பாதிக்கு மேல். அகலம் ஒரு தலைமுடி அளவு. வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். 1988-இல் அதற்கு எபுலோபிசியம் ஃபிஷெல்சோனி என்று பெயர் வைத்தார்கள். மீன் போட்ட பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி என்பது முன்பாதியின் பொருள். பின்பாதி ஃபிஷெல்சனின் பெயர்.

இத்தனை பெரிய செல் பாக்டீரியாவாக இருக்க முடியாது என்று அப்போது நினைத்தார்கள். அமீபா, பாராமீசியம் போன்ற ஒருசெல் உயிர்களின் பக்கம்தான் அதைச் சேர்த்தார்கள். 1991-இல் கென்டல் கிளெமென்ட்ஸும் இன்னொருவரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே உட்கரு இல்லை; அமைப்பெல்லாம் பாக்டீரியாவின் அமைப்பு. 1993-இல் எஸ்தர் ஆங்கெர்ட், கிளெமென்ட்ஸ், நார்மன் பேஸ் மூவரும் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் மரபணுவைப் படித்து விஷயத்தை முடித்துவைத்தார்கள். டெட்டனஸை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் இருக்கிறதே, அந்த வகையறாவுக்கு இது தூரத்துச் சொந்தம்.

அப்புறம் இதைவிடப் பெரிய பாக்டீரியாக்களும் வந்துவிட்டன. 1999-இல் நமீபியா கடலடிச் சேற்றிலிருந்து தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ், 2022-இல் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா. பின்னது 2 சென்டிமீட்டர் வரை போகும். ஆனால் அந்த இரண்டின் வயிற்றுக்குள்ளும் பெரும்பகுதி ஒரு தண்ணீர்ப் பைதான். எபுலோபிசியம் அப்படியில்லை, உள்ளே முழுக்கச் சரக்கு. அதனால் என் மனசில் சாம்பியன் இன்னும் இதுதான்.

முழுக்கச் சரக்கு என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் செல்களுக்குள் பொருள்களைச் சுமந்துபோக மோட்டார்ப் புரதங்கள் இருக்கின்றன. பாக்டீரியாவில் எல்லாம் தானாகப் பரவித்தான் போய்ச் சேர வேண்டும். தூரம் 10 மடங்கானால் பரவ ஆகும் நேரம் 100 மடங்காகும். சாதாரண ஈ.கோலை பாக்டீரியா 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 2 பங்கு நீளம்தான், அதற்குக் கவலையில்லை. அதைப்போல 300 மடங்கு நீளமான செல் எப்படிச் சமாளிக்கிறது? மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டு. எல்லா வார்டுக்காரரும் ஒரே அலுவலகத்தில் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? எபுலோபிசியம் வார்டுக்கு வார்டு அலுவலகம் திறந்துவிட்டது. தன் மரபணுத் தொகுப்பைப் பல்லாயிரம் பிரதிகள் எடுத்துச் சவ்வை ஒட்டிச் சுற்றிலும் அடுக்கி வைத்திருக்கிறது. எந்த மூலையில் எது தேவையோ, அது அங்கேயே தயாராகும்.

பிள்ளை பெறுவதும் வேறு மாதிரி. மற்ற பாக்டீரியாக்களைப்போல நடுவில் பிளப்பது இல்லை. தாய்க்குள்ளேயே இரண்டோ அதற்கு மேலோ குட்டிகள் வளரும், கடைசியில் தாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இந்தக் குட்டிகளை நினைவில் வையுங்கள், அடையாளம் காணும்போது அவைதான் கைகொடுக்கும்.

மீனுக்கு என்ன லாபம்? பாசியின் கடினமான சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இவற்றிடம் இருக்கின்றன. செங்கடல் மீன்களை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, மீன் எந்தவகைப் பாசியைத் தின்கிறதோ அதற்கேற்ற பாக்டீரியா அதன் குடலில் இருப்பதைக் காட்டியது. இந்தப் பாக்டீரியாவை ஆய்வகத்தில் தனியாக வளர்க்க முடியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் மீனைத்தான் தேடிப் போக வேண்டும்.

முதல் படி: ஒரு வாரம் அளக்க மட்டும் பழகுங்கள்

கல்லூரிகளில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். கண்ணாடியில், அதாவது நாம் கண் வைக்கும் லென்ஸில், பெரும்பாலும் 10 எக்ஸ் (10 மடங்கு பெரிதாக்கும் என்று பொருள்), பக்கத்தில் 18 என்று எழுதியிருக்கும். அந்த 18-ஐக் கீழ் லென்ஸின் எண்ணால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 4 எக்ஸில் 4.5 மில்லிமீட்டர், 10 எக்ஸில் 1.8, 40 எக்ஸில் 0.45. நம்பிக்கை வராவிட்டால் 4 எக்ஸ் லென்ஸுக்கு அடியில் பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை. 40 எக்ஸ் லென்ஸில் வட்டமே 0.45 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய எபுலோபிசியம் அதற்குள் அடங்காது. பாக்டீரியா என்றதும் கை தானாகப் பெரிய லென்ஸுக்குப் போகும், போகவிடாதீர்கள். இதைத் தேட 4-உம் 10-உம்தான் லென்ஸ். வெங்காயத் தோல், கசகசா, தலைமுடி, துணி நூல் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். துணி நூலை விட்டுவிடாதீர்கள். நான் முதன்முதலில் "கண்டுபிடித்த" ராட்சத பாக்டீரியாவைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். ஸ்லைடு துடைத்த துண்டின் பருத்தி நூல் அது.

இரண்டாம் படி: கறிக்கடை

மீனுக்கு முன்னால் ஆடு. மதுரையில் ஆட்டுக்குடலுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வரும் முன்னே, பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, காலி பிளாஸ்க்கோடு பழக்கமான கறிக்கடைக்குப் போங்கள். இரைப்பையைக் கழுவும் முன் உள்ளே இருக்கும் பச்சைச் சக்கையைக் கேளுங்கள்.

"எதுக்குத் தம்பி, செடிக்கு உரமா?"

"இல்லண்ணே, மைக்ராஸ்கோப்புல பாக்க."

"கழுவிக் கீழ ஊத்துறத எல்லாம் பாக்குறியா? சரி, பிடி."

பிளாஸ்க்கின் வாய்வரை நிரப்பி மூடுங்கள், காற்று உள்ளே தங்கக் கூடாது. ஆட்டின் உடல்சூடு சுமார் 39 டிகிரி. அந்தச் சூடும் காற்றில்லாத இருட்டும்தான் உள்ளே இருப்பவற்றின் வீடு. வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு சொட்டு ஸ்லைடில் வையுங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம். கலந்தே ஆக வேண்டுமென்றால் லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்ட நீரில் கலக்குங்கள், வெறும் நீரில் பல செல்கள் உப்பி வெடிக்கும்.

10 எக்ஸ் லென்ஸில் கண் வைத்ததும் சித்திரைத் திருவிழாக் கூட்டம்தான். முட்டை வடிவில் கண்ணாடிபோல உடம்பு, ஓரத்தில் துடிக்கும் மயிர்க் குஞ்சம், வயிற்றுக்குள் விழுங்கிய புல் துணுக்கு. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். இவை பாக்டீரியா இல்லை. சிலியேட் என்னும் ஒருசெல் உயிர்கள், உட்கரு உள்ளவை. அவற்றுக்கு இடையில் தூசிபோல நடுங்கும் நுண்புள்ளிகள்தான் சாதாரண பாக்டீரியா. எபுலோபிசியத்தை முதலில் பார்த்தவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பது இந்த ஒரு சொட்டில் புரிந்துவிடும். பெரியதும் சிறியதும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கும்போது, பெரிய கூட்டத்துக்குள் ஒரு பாக்டீரியா உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றையும் உட்கார்ந்து பாருங்கள். ஸ்லைடு ஆற ஆற ஓட்டம் குறையும். ஓடியவை ஒரே இடத்தில் சுற்றும், அப்புறம் மயிர் மட்டும் துடிக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்கும். பிறகு ஓரம் உப்பி, ஒரு பக்கம் கிழிந்து, உள்ளிருப்பது புகைபோல வெளியே வழியும். வழிந்தபின் அங்கே ஒரு செல் இருந்ததற்கான தடயமே இருக்காது. குடல் உயிர்களைப் பார்ப்பவர் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும் என்று எத்தனை புத்தகம் சொன்னாலும் மண்டையில் ஏறாதது, இந்த ஸ்லைடைப் பார்த்ததும் ஏறும். பிளாஸ்க் கேட்டதன் காரணம் இதுதான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுப்படிப் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்றாம் படி: உயிர் மீன்

கரிமேட்டு மார்க்கெட்டில் கடல் மீன் விதவிதமாகக் கிடைக்கும். ஆனால் ஐஸில் படுத்து வந்த மீன் குழம்புக்கு நல்லது, நமக்கு ஆகாது. மீன் செத்த உடனே அதன் குடல் தன் நொதிகளாலேயே கரையத் தொடங்கும். நான் ஒருமுறை ராமேஸ்வரத்திலிருந்து ஒரு சர்ஜன் மீனின் குடலை டப்பாவில் போட்டு ஐஸ் வைத்து, நாலு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திறந்தால் பாசிக் கூழ். பக்கத்து சீட்டுக்காரர் மானாமதுரையிலேயே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டதுதான் அந்தப் பயணத்தின் ஒரே விளைவு.

பழகுவதற்கு, "உயிர் மீன் கிடைக்கும்" என்று போர்டு வைத்த கடைகளில் ஜிலேபிக் கெண்டை வாங்குங்கள். அதுவும் பாசி தின்னும் மீன், குடல் நீளமானது. கழிவுத் துளையிலிருந்து தொண்டைவரை கத்தரிக்கோலால் வயிற்றுத் தோலை மட்டும் வெட்டுங்கள். முனையை ஆழமாக விட்டால் குடல் கிழியும். சுருளை மெதுவாகப் பிரித்து நீட்டி மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பட்டாணி அளவு பிதுக்கி எடுத்துத் தனித்தனி ஸ்லைடாகப் பாருங்கள். முன்பகுதியில் பாசிகள் முழுசாக இருக்கும், பின்னால் போகப்போக உடைந்து வெளிறியிருக்கும். எபுலோபிசியம் இதில் கிடைக்காது, அது சர்ஜன் மீன் குடும்பத்துச் சொத்து. கை பழகத்தான் இது. மீதி மீனை வறுத்துவிடலாம்.

இடையில் ஒரு கினிப் பன்றி

செல்லப் பிராணியாகக் கினிப் பன்றி வளர்க்கும் நண்பர் இருந்தால் அன்றைய புழுக்கைகள் இரண்டு வாங்கிவாருங்கள். எபுலோபிசியத்தின் நெருங்கிய சொந்தமான மெட்டாபாக்டீரியம் பாலிஸ்போரா கினிப் பன்றியின் குடலில் வாழ்கிறது. பாக்டீரியா கணக்கில் அதுவும் பெரியதுதான், 15 முதல் 20 மைக்ரோமீட்டர். சாதாரணமாக வித்து (கெட்டியான உறைக்குள் உறங்கும் செல்) உண்டாக்கும் பாக்டீரியா ஒரு செல்லுக்கு ஒரு வித்துதான் வைக்கும். இது பல வித்துகள் வைக்கும். உப்புநீரில் கரைத்து 40 எக்ஸில் பார்த்தால் வித்துகள் மணிபோல மினுங்கும். எல்லாக் கினிப் பன்றியிடமும் உங்கள் கண்ணில் படும் என்று சொல்ல மாட்டேன். தன் புழுக்கையைத் தானே தின்னும் பழக்கம் அதற்கு உண்டு, வித்து மறுபடி குடலுக்குப் போய்ச் சேரும் வழி அதுதான்.

எபுலோபிசியத்தின் உள்குட்டிகள் அந்த வித்து உண்டாக்கும் வேலையிலிருந்தே பரிணமித்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில சர்ஜன் மீன்களின் குடலில் இருக்கும் உறவு பாக்டீரியாக்கள் இன்றும் இராத்திரியில், மீன் மேயாமல் பாறைப் பொந்தில் ஒதுங்கியிருக்கும் நேரத்தில், வித்தாக மாறுகின்றன.

நாலாம் படி: மண்டபம் கடற்கரைப் பக்கம்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் தீவில் கால் வைப்பதோ பாறையில் எதையாவது பெயர்ப்பதோ குற்றம். கடற்குதிரை, கடலட்டை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். நமக்குக் கடலுக்குள் இறங்கும் வேலையே இல்லை, கரையில் நின்றால் போதும்.

யாரிடம் கேட்பது என்பதில் எனக்கு ஒரு தெளிவு உண்டு: கூடு வைத்துப் பிடிப்பவரிடம். பாறையோரம் கூடு இறக்கிப் பிடிக்கும் மீன் பெரும்பாலும் உயிரோடு கரைக்கு வரும், பாசி மேயும் மீன்களும் அதில்தான் அதிகம். ஆனால் மீன் கூட்டுக்குள் அடைபட்டு நேரமாகியிருந்தால் குடல் காலியாக இருக்கும். வயிறு புடைத்த மீனாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகுகள் போகும். கரையில் கூட்டம் குறைந்திருப்பதால் அப்போது நிதானமாகப் பேச முடியும்.

சர்ஜன் மீனை அடையாளம் காண வாலடியைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்திபோல ஒரு முள் இருக்கும். சில இனங்களில் மடக்குக் கத்தி மாதிரி பள்ளத்துக்குள் படிந்திருந்து, மீன் வாலை வளைக்கும்போது விரியும். அந்த இடத்தைப் பிடிக்கவே கூடாது, கையை அறுத்துவிடும். ஓரா மீனையும் சேர்த்து வைத்திருப்பார்கள், அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. படகுக்காரரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மீனை வாங்கிய இடத்திலேயே வெட்டுங்கள். ரூமுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துப் பார்க்கும் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கரையிலேயே பார்க்கலாம். கரண்டும் வேண்டாம். குடலின் மூன்று பகுதியிலிருந்தும் பட்டாணி அளவு எடுத்து, ஒவ்வொன்றையும் அதைப்போல 10 மடங்கு 80 சதவீத எத்தனாலில் போடுங்கள். எத்தனாலுக்குக் கல்லூரி ஆய்வகம்தான் வழி. உருவம் மட்டும் பார்த்தால் போதும் என்றால் மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதும். இரண்டும் பற்றிக்கொள்ளும், அடுப்புப் பக்கமோ பீடி பிடிப்பவர் பக்கமோ திறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பார்த்தது என்ன?

சொட்டை எடுத்துக் கறுப்புத் தாளின் மேல் கண்ணாடித் தட்டில் பரப்பினால் பெரியவை வெள்ளைத் துணுக்குகளாகத் தெரியும். அவற்றில் ஒன்றை ஸ்லைடுக்கு மாற்றுங்கள். பச்சையாகவும் சதுரச் சதுரக் கட்டங்களாகவும் இருந்தால் பாசி. முறுக்கிய ரிப்பன்போல இருந்தால் என் துண்டு. ஓரத்தில் துடிக்கும் மயிர் தெரிந்தால் சிலியேட். பாம்பாக நெளிந்து, உள்ளே ஒரு குழாய் ஓடினால் உருளைப்புழு.

அப்புறம் சாயம். மீன்தொட்டிக் கடையில் மருந்தாக விற்கும் மெத்திலீன் நீலம் இதற்குப் போதும். நன்றாக நீர்த்து ஒரு சொட்டு விடுங்கள். உருண்டையாக ஒரே உட்கரு நீலம் ஏறித் துலங்கினால் அது பாக்டீரியா இல்லை. உட்கரு எதுவும் துலங்காமல், சுருட்டு வடிவ உடம்புக்குள் அதே வடிவில் இரண்டு மூன்று சிறு உடல்கள் படுத்திருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், பெயரை மட்டும் எழுதாதீர்கள். "உட்கரு இல்லை, உள்ளே குட்டிகள் 2, நீளம் இவ்வளவு" என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு ஒளிரும் டாபி என்ற சாயம் ஏற்றி, ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒளி நடுவில் குவியாமல் ஓரம் முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும். அதற்கும் மேல் ரைபோசோம் மரபணுவைப் படித்தால்தான் பெயர். இரண்டுக்கும் பல்கலைக்கழக ஆய்வகம் வேண்டும். நல்ல குறிப்போடும் எத்தனால் குப்பியோடும் போனால் உயிர்நுட்பவியல் துறைகளில் காதுகொடுத்துக் கேட்பவர்கள் இருப்பார்கள்.

குறிப்பில் இருக்க வேண்டியது: தேதி, கரை, மீனின் படம், வாலடி முள்ளின் படம், மீன் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெட்டினீர்கள், குடலின் எந்தப் பகுதி. மணியை மறக்காதீர்கள். இந்தப் பாக்டீரியாவின் குட்டிகள் மீனின் பகல், இரவை ஒட்டி வளர்பவை. காலையில் வெட்டிய மீனிலும் மாலையில் வெட்டிய மீனிலும் குட்டிகளின் அளவு வேறாக இருக்கும்.

கடைசியாக, சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். நான் மார்க்கர் பேனாவால் குப்பிமேல் எழுதினேன். மூடியில் கசிந்த ஆல்கஹால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மண்டபத்து மீன் எது, கீழக்கரை மீன் எது என்று தெரியாமல் இரண்டு குப்பிகள் இன்னமும் என் அலமாரியில் இருக்கின்றன.